உயரம் எழுதி அனுப்புகிறோம், அதை யார் படிக்கிறார்கள்?

#1 பாலர்டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த் பக்கம் ஒரு சின்னப் பாலர் பள்ளியில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். வருடத்துக்கு இரண்டு தடவை பிள்ளைகளின் உயரமும் எடையும் எடுத்து, ஒரு பாரத்தில் நிரப்பி மேலே அனுப்புவது எங்கள் வேலைகளில் ஒன்று. இந்த 11 வருடத்தில் அதைப் பற்றி ஒரு போன் வந்ததில்லை, ஒரு கடிதம் வந்ததில்லை.

இந்த மார்ச்சில் எடுத்தபோது ஒரு பையன் மனதில் தங்கிவிட்டான். குட்டி என்று வைத்துக்கொள்வோம். அந்த வாரம்தான் அவனுக்கு ஐந்து வயது நிறைந்தது. உயரம் 101.5 சென்டிமீட்டர். போன அக்டோபரில் 100.5. ஐந்து மாதத்தில் ஒரே ஒரு சென்டிமீட்டர். ஐந்து வயது ஆண்பிள்ளைக்குக் கோடு 100.7, அதற்கு மேலே இருந்தால் நார்மல் என்று கட்டத்தில் டிக் போட வேண்டும். போட்டேன். ஆனால் வரிசையில் நிற்கும்போது அவன் நாலு வயதுப் பிள்ளைகளோடு சரியாக இருக்கிறான். காலையில் பையைத் திறந்தால் கிரீம் பன்னும் பாக்கெட் சாக்லேட் பாலும். அம்மாவுக்குப் பிறை ஊரில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு, பாட்டிதான் பார்த்துக்கொள்கிறார்.

குழந்தை நல்வாழ்வுக் குறியீடு, குழந்தைக் கொள்கை என்று செய்தியில் அடிக்கடி கேட்கிறோம். அந்தக் குறியீட்டுக்கும் என் பாரத்துக்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதா? நான் அனுப்புவதை யாராவது படிக்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மாமாக்டேபிள்7

டீச்சர், கோபித்துக்கொள்ள வேண்டாம். இதற்கெல்லாம் அரசாங்கம் என்ன செய்யும்? பிள்ளைக்குப் பன் வாங்கிக் கொடுத்தது அரசாங்கமா? நாங்கள் தோட்டத்தில் எட்டுப் பிள்ளைகள். பழைய சோறும் கருவாடும்தான். எவனும் எங்கள் உயரத்தை அளக்கவில்லை, வளர்ந்துதான் நிற்கிறோம்.

#3 ஜெலுத்தோங்_அப்பா

அண்ணே, வளர்ந்து நிற்பவர்கள்தான் இங்கே எழுதுகிறார்கள். மற்றவர்களைக் கணக்கில் சேர்த்தீர்களா?

#4 கணக்குப்பிள்ளை

பணி ஓய்வு பெற்றவன், ஆயர் ஈத்தாமில் இருக்கிறேன். வேலைக் காலம் முழுக்க எண்களோடுதான் போயிற்று. கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சரின் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதற்கு முன்னால் வறுமைக்கோட்டின் கதையைச் சொல்ல வேண்டும். 2019 வரை நம் நாட்டில் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் 980 வெள்ளிக்கு (ரிங்கிட்) கீழே இருந்தால்தான் ஏழை. 2005-ல் போட்ட கணக்கையே விலைவாசிக்கு ஏற்றபடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அந்தக் கோட்டின்படி 2016-ல் ஏழைக் குடும்பங்கள் 0.4 விழுக்காடு. ஆயிரத்துக்கு நாலு! பாகான் டாலாமில் ஒரு நடை நடந்தாலே இது பொய்க்கணக்கு என்று தெரியும். 2019 ஆகஸ்ட்டில் ஐ.நா.வின் கடும் வறுமைக்கான சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இங்கே வந்து பார்த்துவிட்டு, இந்தக் கோடு நடப்புக்கு ஒத்து வராது என்று பத்திரிகையாளர்கள் முன்னாலேயே சொன்னார். அரசாங்கம் அப்போது மறுத்தது. 2020 ஜூலையில் புள்ளிவிவரத் துறையே கோட்டை 2,208 வெள்ளிக்கு ஏற்றியது. இந்தத் தடவை, சத்தாகச் சாப்பிட்டால் எவ்வளவு செலவாகும் என்பதைக் கணக்கில் எடுத்தார்கள். 2019-க்கான விழுக்காடு 5.6 ஆயிற்று. நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். அந்த ஜூலையில் புதிதாக யாரும் ஏழையாகவில்லை, ஏற்கெனவே இருந்தவர்கள் கணக்கில் வந்தார்கள், அவ்வளவுதான். 2022-ல் கோடு 2,589, விழுக்காடு 6.2.

பிள்ளைகளின் உயரத்துக்கு வருவோம். சுகாதார அமைச்சு நடத்தும் தேசிய சுகாதார, நோய் நிலை ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 2015-ல் 17.7 விழுக்காடு, 2019-ல் 21.8, 2022-ல் 21.2. ஐந்தில் ஒரு பிள்ளை. இவ்வளவு வளர்ந்த நாட்டில் இந்த எண் இறங்காமல் நிற்பது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆனால் டீச்சர், அந்த ஆய்வு வேறு, உங்கள் பாரம் வேறு. ஆய்வில் சில ஆயிரம் வீடுகளைத் தேர்ந்தெடுத்து அளப்பார்கள். நாட்டின் நிலவரம் தெரியும், குட்டி யார் என்று தெரியாது. உங்கள் பாரம் குட்டிக்காக உள்ளது. ஒரு பிள்ளையின் எண் கீழே இருந்தால் அந்தப் பிள்ளையை யாராவது தேடி வரவேண்டும். அப்படித் தேடி வராமல், எல்லா பாரத்தையும் கூட்டிச் சராசரி போட்டு ஓர் அறிக்கையில் சேர்த்துவிட்டால், நீங்கள் செய்த வேலை ஆய்வாகவும் இல்லை, வைத்தியமாகவும் இல்லை.

#5 ஜெலுத்தோங்_அப்பா

ஐயா, ஒரு சந்தேகம். குடும்ப நல்வாழ்வுக் குறியீடு என்று ஒன்று இருக்கிறதே, 2016-ல் பத்துக்கு 7.33, 2019-ல் 7.72 என்று போட்டிருந்தார்கள். அந்த 0.39 எங்கள் வீட்டுக்கு எந்த வழியாக வந்தது என்று மூன்று வருடமாக மனைவியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

#6 கணக்குப்பிள்ளை

தம்பி, சிரிப்பு வருகிறது, ஆனாலும் அதை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள். அது தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் எடுப்பது. குடும்பத்தினரிடமே கேட்டு எடுக்கிறார்கள். உறவு, பொருளாதாரம், உடல்நலம், பாதுகாப்பு, வீடு எல்லாம் அதில் உண்டு. சிக்கல் என்னவென்றால், எல்லாவற்றையும் ஒரே எண்ணில் போட்டுக் கலக்கிவிட்டால் எது ஏறியது எது இறங்கியது என்று தெரியாமல் போகும். சாம்பாரில் உப்பு கூடியதைப் புளி சரிக்கட்டிவிட்ட மாதிரி.

#7 செந்தூல்காரன்

கோலாலம்பூரில் அரசு அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். மாத வாடகை 124 வெள்ளி, மூன்று அறை, நாங்கள் ஏழு பேர். கிராப் டாக்ஸி ஓட்டுகிறேன், அதனால் இதை எழுதுவது ஒரு பெட்ரோல் நிலையத்தில் நின்றுகொண்டு.

யூனிசெஃப் 2018-ல் எங்களைப் போன்ற அடுக்குமாடிகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் 17 குடியிருப்புகள், 966 குடும்பங்கள். என் மகள் படிவம் ஆறில் அதை வைத்துக் கட்டுரை எழுதினாள், அதனால் நானும் படித்தேன். ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 22 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. அதே குடியிருப்புகளில் 23 விழுக்காட்டினர் கூடுதல் எடை அல்லது பருமன். பத்தில் ஒரு பிள்ளைக்கு நாளைக்கு மூன்று வேளைச் சாப்பாடு இல்லை. ஐந்து, ஆறு வயதில் பாதிப் பேர்தான் பாலர் பள்ளிக்குப் போகிறார்கள்.

குள்ளமும் குண்டும் ஒரே கட்டடத்தில் எப்படி என்று என் தங்கை கேட்டாள். எங்கள் கீழ்த்தளக் கடையைப் பார்த்தால் புரியும். இருக்கும் காசுக்கு வயிறு நிறைய வேண்டும். மேகி, முட்டை, கிச்சாப், வெள்ளைச் சோறு. மீன் வாங்கினால் மறுநாள் பெட்ரோலுக்குக் கை வைக்க வேண்டும். அப்புறம் விளையாட இடம் எங்கே? கீழே ஊஞ்சல் இருக்கிறது, சங்கிலி இல்லை. இருந்தாலும் நான் சின்னவனைத் தனியாகக் கீழே அனுப்ப மாட்டேன். 2018-ல் ஓர் அடுக்குமாடியில் மேலிருந்து விழுந்த நாற்காலி ஒரு பள்ளிப் பையனின் உயிரை எடுத்தது நினைவிருக்கும். அன்றைக்கிருந்து எங்கள் பிளாக்கில் பிள்ளைகள் சுவரை ஒட்டித்தான் நடக்கிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாக ஒட்டி நடக்கிறார்கள். அதை எந்தக் குறியீட்டில் எழுதுவார்கள்?

மாமாக் அண்ணே, தோட்டத்தில் வாசலைத் திறந்தால் திடல். பாட்டி, சித்தி, பக்கத்து லயன் அக்கா என்று பத்துக் கண்கள். கொல்லையில் முருங்கை. இங்கே பதினாலாவது மாடியில் முருங்கைக்கு எங்கே போவேன்?

#8 மாமாக்டேபிள்7

சரி தம்பி. முருங்கை விஷயம் ஒத்துக்கொள்கிறேன்.

#9 சத்துணவுக்காரி

கோலாலம்பூரில் உணவியல் நிபுணராக வேலை செய்கிறேன். டீச்சர், கொள்கையெல்லாம் அப்புறம் பேசலாம். முதலில் சொல்லுங்கள், நீங்கள் உயரம் எடுப்பது எதை வைத்து? எடுக்கும்போது செருப்பு, காலுறை உண்டா? பெண்பிள்ளைகளுக்குக் கொண்டை? குதிகால் சுவரில் படுகிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், உயரக் குறைவு என்பது ஒரு கோட்டு விஷயம். உலகச் சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் ஐந்து வயது நிறைந்த ஆண்பிள்ளைக்கு நடு உயரம் 110 சென்டிமீட்டர். நீங்கள் சொன்ன 100.7 கீழ்க்கோடு. குட்டி 101.5 என்றால் கோட்டிலிருந்து எட்டு மில்லிமீட்டர்தான் மேலே. ஒரு ஜப்பான் செருப்பின் தடிமன்கூட இல்லை. அளவு கொஞ்சம் பிசகினால் பையன் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதே மாறிவிடும். அதுவும் ஐந்து மாதத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால், கோட்டுக்கு மேலே இருந்தாலும் பார்க்க வேண்டிய பிள்ளைதான். அந்த வயதில் பிள்ளைகள் பொதுவாக வருடத்துக்கு ஆறு, ஏழு சென்டிமீட்டர் வளர்வார்கள்.

உயரம் குறைவது ஒரு வாரப் பட்டினியால் வருவதில்லை. கர்ப்பத்தில் அம்மாவுக்கு ரத்தம் குறைவாக இருந்தது, முதல் இரண்டு வருடத்தில் அடிக்கடி வயிற்றுப்போக்கு, ஆறு மாதத்துக்குப் பிறகு வெறும் கஞ்சித் தண்ணீர், இப்படிச் சேர்ந்து சேர்ந்து வருவது. பன்னைக் குறை சொல்லி முடிக்க முடியாது.

#10 பாலர்டீச்சர்

எதை வைத்து என்று கேட்டீர்களே, சுவரில் ஒட்டகச்சிவிங்கிப் படம் ஒட்டியிருக்கிறது, அதன் கழுத்தோடு எண்கள் இருக்கும். செருப்பு கழற்றித்தான் எடுப்போம். கொண்டையை அழுத்திப் பிடிப்போம். உங்கள் கேள்வி உறுத்தியதால் இன்று வீட்டுக்காரரின் டூல்பாக்ஸிலிருந்து இரும்பு டேப்பை எடுத்துப்போனேன்.

எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஒட்டகச்சிவிங்கிக்குக் குளம்பு இல்லை! கணுக்காலிலிருந்துதான் தொடங்குகிறது. உற்றுப் பார்த்த பிறகுதான் நினைவு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் தரை துடைக்கிற ஈரத்தில் கீழ் ஓரம் ஊறிக் கிழிந்துபோயிற்று. பள்ளி விடுமுறையில் கிழிந்த பட்டையைக் கத்தரித்துவிட்டு, படத்தை இறக்கித் தரையோடு சேர்த்து ஒட்டினேன். நானேதான், என் கையாலேயே. அழகாக இருக்கட்டும் என்று. படத்தில் 60 என்று இருக்கும் இடம் டேப்பில் 57.5.

அப்படியானால் குட்டி 101.5 இல்லை. 99.

பழைய பாரங்களின் நகல் கோப்பில் இருந்தது. உட்கார்ந்து எல்லாவற்றிலும் இரண்டரையைக் கழித்துப் பார்த்தேன். குட்டியைச் சேர்த்து மூன்று பேர் கோட்டுக்குக் கீழே. அதில் ஒரு பெண்பிள்ளை இப்போது ஆரம்பப் பள்ளியில் ஆண்டு ஒன்றுக்குப் போய்விட்டாள்.

#11 ஜெலுத்தோங்_அப்பா

டீச்சர், உங்களைக் குறை சொல்லாதீர்கள். இரும்பு டேப்பை எடுத்துப்போய்ப் பார்த்தீர்களே.

#12 கணக்குப்பிள்ளை

இரவு தூக்கம் வரவில்லை, இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, டீச்சர். படத்தை இறக்கி ஒட்டிய பிறகு முதல் தடவை அனுப்பிய பாரத்தில் பள்ளியில் உள்ள ஒவ்வொரு பிள்ளையும், குள்ளமோ நெட்டையோ, வழக்கமான வளர்ச்சிக்கு மேல் இரண்டரை சென்டிமீட்டர் கூடியிருப்பார்கள். ஒருவர் விடாமல். முந்திய பாரத்தை இடது கையிலும் புதியதை வலது கையிலும் வைத்து ஒரு நிமிடம் பார்த்திருந்தால், புதுப் பையனாக வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூடச் சந்தேகம் வந்திருக்கும். ஒரு போன் வந்திருக்கும், "என்ன டீச்சர், பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கிறீர்கள்?" என்று. இரண்டு வருடம், நாலு பாரம். வரவில்லை.

#13 பாகான்_பெண்

முதல் பதிவிலிருந்து படித்து வருகிறேன். ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை, பெரும்பாலும் குடியுரிமைப் பத்திரம் இல்லாத பிள்ளைகளின் விண்ணப்பங்கள். நீங்கள் எல்லாரும் தப்பாக அளக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். சுவர் வரைக்கும் வந்து நிற்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அப்பா இந்த நாட்டுக்காரர், அம்மா வெளிநாட்டவர் அல்லது அம்மாவுக்கே பத்திரம் இல்லை. கோயிலில் தாலி கட்டினார்கள், மேளம் அடித்தார்கள், ஊருக்கே சாப்பாடு போட்டார்கள், பதிவு மட்டும் செய்யவில்லை. 1982 மார்ச்சிலிருந்து முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிந்தாக வேண்டும். பதியாவிட்டால் சட்டப்படி பிள்ளை அம்மாவின் நிலையைத்தான் பின்தொடரும். அப்பா குடிமகனுக்குரிய நீல அடையாள அட்டை வைத்திருந்தும் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் குடிமகன் அல்ல என்று வந்துவிடும். அப்புறம் பள்ளி, கிளினிக், உதவித்தொகை என்று எங்கே போனாலும் ஒரு தடங்கல். கிளினிக்கில் வெளிநாட்டவர் கட்டணம் கேட்பார்கள் என்று பயந்தே தடுப்பூசிக்குக் கொண்டுபோகாத அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன்.

மலேசியா 1995-ல் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் சேர்ந்தது. ஆனால் சில விதிகளுக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று விலக்கு வைத்துத்தான் சேர்ந்தது. அதில் ஒன்று 7-வது விதி. பிறந்தவுடன் பதிவு, பெயர், குடியுரிமை, இதைச் சொல்லும் விதி அதுதான். அந்த விலக்கு இன்னும் எடுக்கப்படவில்லை. 2024 அக்டோபரில் வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு மலேசியத் தாயும் குடியுரிமை கொடுக்க வழிசெய்யும் அரசியலமைப்புத் திருத்தம் மக்களவையில் நிறைவேறியது. நல்லதுதான், பல அம்மாக்கள் வருடக்கணக்கில் போராடி வாங்கியது. எங்கள் மேசையில் இருக்கும் கோப்புகளுக்கு அது உதவாது. இவை இங்கேயே, பெரும்பாலும் பினாங்கிலேயே பிறந்த பிள்ளைகள்.

#14 மாமாக்டேபிள்7

இதெல்லாம் எந்தக் கட்சி ஆண்டபோது நடந்தது என்று எழுதினால்

(நெறியாளரால் நீக்கப்பட்டது)

#15 நெறியாளர்

கட்சிப் பேச்சு வேறு இழையில். மாமாக் அண்ணே, மூன்றாவது எச்சரிக்கை. மற்றபடி தொடருங்கள்.

#16 ஜெலுத்தோங்_அப்பா

சரி, கட்சி வேண்டாம். மாநில அரசால் என்ன செய்ய முடியும்? கல்வி மத்திய அரசிடம், மருத்துவமும் மத்திய அரசிடம். அப்புறம் பினாங்கு என்ன செய்யும், ஊஞ்சலுக்குச் சங்கிலி போடுமா?

#17 கணக்குப்பிள்ளை

சங்கிலி போட்டாலே பெரிய விஷயம் தம்பி, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் கையில். அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் பொதுப் பட்டியல் என்று ஒன்று உண்டு. மத்திய அரசும் மாநிலமும் இரண்டும் கை வைக்கலாம். அதன் முதல் வரியே சமூக நலன், பெண்கள், பிள்ளைகள், இளையோர் பாதுகாப்பு. நகரத் திட்டமிடலும் அதே பட்டியலில் இருக்கிறது. எனவே அதிகாரம் இல்லை என்று கை விரிக்க முடியாது. காசுதான் குறைவு.

பினாங்கில் 2012 வாக்கில் ஒரு முயற்சி நடந்தது. மாநில மகளிர் மேம்பாட்டுக் கழகமும் இரண்டு ஊராட்சி மன்றங்களும் சேர்ந்து, ஜாலான் சுங்கை, அம்பாங்கான் என்ற இரண்டு மலிவு விலை அடுக்குமாடிகளில், குடியிருப்பவர்களையே கேட்டுப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று முடிவு செய்தார்கள். ஆண்கள், பெண்கள், இளையோர் என்று பிரித்துக் கேட்டார்கள். ஜாலான் சுங்கையில் சுத்தம்தான் முதல் தேவையாக வந்தது. வயிற்றுப்போக்கைப் பற்றி அந்த உணவியல் அம்மா எழுதியதைப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. குப்பைத்தொட்டியும் உயரமும் வேறு வேறு துறை என்று அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தோன்றும். பிள்ளையின் குடலுக்கு அப்படித் தோன்றாது.

வெளிநாட்டில் மாநிலங்களை ஒப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் ஆனி ஈ. கேசி அறக்கட்டளை 1990-லிருந்து வருடா வருடம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் பிள்ளைகளின் நிலவரத்தை எண்ணில் போட்டு வரிசைப்படுத்துகிறது. பொருளாதாரம், கல்வி, உடல்நலம், குடும்பமும் சுற்றமும் என்று நாலு பகுதி, 16 அளவுகள். வரிசையில் கீழே போன மாநிலத்தின் பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொள்ளும். நியூசிலாந்து 2018-ல் சட்டமே போட்டது, குழந்தை வறுமையைக் குறைக்க அரசு இலக்கு வைத்து, எண்களை வெளியிட்டு, பதில் சொல்ல வேண்டும் என்று. நமக்குத் தேவை அந்த இரண்டாவது வகை என்பது என் எண்ணம். வறுமை எண் இறங்காவிட்டால் யார் எழுந்து நின்று பதில் சொல்வது என்பதையும் சேர்த்தே எழுதிவிட்டார்கள்.

#18 சத்துணவுக்காரி

ஐயாவோடு ஓரளவுக்குத்தான் ஒத்துப்போகிறேன். வரிசைப்படுத்தினால் எதை அளந்தோமோ அதற்கே எல்லாரும் ஓடுவார்கள். யூனிசெஃப் 2020-ல் பணக்கார நாடுகளைப் பட்டியல் போட்டது, நெதர்லாந்து முதலிடம். ஜப்பானைப் பாருங்கள், பிள்ளைகளின் உடல்நலத்தில் 38 நாடுகளில் முதலிடம், மனநலத்தில் 37. பள்ளிச் சாப்பாட்டை உலகமே பாராட்டும் நாடு அது. இவற்றோடு படிப்பு, பழகும் திறனையும் சேர்த்துச் சராசரி போட்டால் நடுவில் எங்கோ 20-வது இடத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கும்.

இங்கேயும் 2022 ஆய்வில் 13 முதல் 17 வயது வரையிலான மாணவர்களில் நாலில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறி. உயரம் அளக்க இரும்பு டேப் போதும். இதற்கு என்ன டேப் இருக்கிறது? பிள்ளையிடம் உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டும்.

டீச்சர், வேலைக்கு வருவோம். குட்டியை அரசாங்க கிளினிக்குக்கு அனுப்புங்கள். நீங்களே ஒரு கடிதம் எழுதி, இரண்டு அளவுகளையும் தேதி போட்டுக் கொடுங்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தையும் கொண்டுபோகச் சொல்லுங்கள், பிறந்ததிலிருந்து உள்ள வளைவு அதில்தான் இருக்கும். ஆறு வயதுக்குட்பட்ட, சத்துக்குறைவான, வசதியில்லாத பிள்ளைகளுக்கு மாதாமாதம் உணவுக்கூடை கொடுக்கும் திட்டம் 1989-லிருந்து இருக்கிறது. குடும்ப வருமானமும் பார்ப்பார்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

#19 செந்தூல்காரன்

சாப்பாட்டுத் திட்டம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிகளில் துணை உணவுத் திட்டம் 1979-லிருந்து இருக்கிறது, ஏழைப் பிள்ளைகளின் பெயரை எழுதி ஓய்வு நேரத்தில் இலவசச் சாப்பாடு. என் மூத்தவன் பெயர் அதில் இருந்தது. மூன்றாம் ஆண்டில் ஒருநாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். காரணம் கேட்டேன், சொல்லவில்லை. அவன் தங்கைதான் சொன்னாள். பெயர் கூப்பிட்டதும் தனி வரிசையில் போய் நிற்க வேண்டும், தட்டும் வேறு நிறம். அதோடு போதும் என்று விட்டுவிட்டான். பட்டியலில் அவன் பெயர் வருடக் கடைசி வரை இருந்தது. கணக்கில் அவன் சாப்பிட்டான். வயிற்றில் இல்லை.

தமிழ்நாட்டில் காமராஜர் காலத்திலிருந்து பள்ளிச் சாப்பாடு, எம்.ஜி.ஆர். 1982-ல் பெரிதாக்கினார், 2022 செப்டம்பரில் காலை உணவும் தொடங்கினார்கள். அங்கே வகுப்பே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறது. யார் ஏழை என்று தட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இங்கே பள்ளித் தொடக்க உதவி 150 வெள்ளியை 2023-ல் வருமானம் பார்க்காமல் எல்லா மாணவர்களுக்கும் கொடுத்தார்களே, அன்றைக்கு என் மகன் பாரத்தை நிமிர்ந்து நின்று வாங்கி வந்தான்.

#20 மாமாக்டேபிள்7

தட்டு நிறத்தை மாற்ற எந்த நாடாளுமன்றம் வேண்டும்? ஒரே நிறத் தட்டு வாங்க எவ்வளவு ஆகும் என்று கேட்டுச் சொல் தம்பி. எங்கள் மாமாக் சாப்பாட்டுக் கடை மேசையில் நாலு பேர் இருக்கிறோம். இதைக் கட்சிப் பேச்சு என்று நெறியாளர் அழிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

#21 பாகான்_பெண்

அண்ணே, மூன்று எச்சரிக்கையும் ரத்து.

#22 பாலர்டீச்சர்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி.

குட்டியின் அம்மா ஷிப்டு மாற்றிக்கொண்டு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அங்கே சரியான பலகையில் அளந்தபோது 99.3. ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு. மருந்து கொடுத்திருக்கிறார்கள், மூன்று மாதத்தில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். தாதி என் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, மற்ற இரண்டு பிள்ளைகள் எங்கே என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்காகவே அவருக்கு ஒரு கும்பிடு. ஆண்டு ஒன்றுக்குப் போன பெண்பிள்ளையின் பள்ளியில் ஓர் ஆசிரியையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன்.

உணவுக்கூடை மட்டும் இழுக்கிறது. அம்மாவின் சம்பளச் சீட்டில் ஓவர்டைம் சேர்ந்த மாதத்தைக் காட்டியிருக்கிறார், அது கோட்டைத் தாண்டுகிறது. ஓவர்டைம் செய்தால்தான் வாடகை கட்ட முடியும், செய்தால் கூடை கிடையாது. அடிப்படைச் சம்பளம் எழுதிய கடிதம் ஒன்று தொழிற்சாலையில் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன 980 கதையைப் படித்தபோது அது எங்கோ அலுவலகத்தில் நடந்த விஷயம் என்று நினைத்தேன்.

மேலிடத்துக்கும் எழுதினேன், நாலு பாரமும் தவறு, இதோ திருத்திய எண்கள் என்று. பெற்றுக்கொண்டோம் என்று கணினி தானாக அனுப்பும் பதில் வந்தது. 11 வருடத்தில் முதல் பதில்!

#23 கணக்குப்பிள்ளை

அந்தப் பதிலின் தேதியைக் குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் மறுபடி எழுதுவோம். வரைவை நான் எழுதித் தருகிறேன்.

#24 சத்துணவுக்காரி

என்னிடம் ஓர் அளவுப் பலகை சும்மா கிடக்கிறது, அடுத்த மாதம் பினாங்கு வரும்போது வண்டியில் போட்டுக் கொண்டுவருகிறேன். அந்த ஒட்டகச்சிவிங்கியை என்ன செய்தீர்கள்?

#25 பாலர்டீச்சர்

எடுக்கப் போனேன், பிள்ளைகள் விடவில்லை. எண்களை மட்டும் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்துவிட்டேன். குட்டி கிரேயான் எடுத்துவந்து அதற்குச் செருப்பு வரைந்துவிட்டான், நாலு காலுக்கும், நாலு நிறத்தில்.